வெட்பாலையில் செதுக்கிய மூடி: ஸ்டெயின் அடிப்பதா, மரத்தின் நிறத்திலேயே விடுவதா?

தக்கலை மரமேசை:

அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் சீராக ஒரு நகைப்பெட்டியை என் கையாலேயே செய்து கொடுக்க ஆசை. பெட்டி தேக்கு. மூடி மட்டும் வெட்பாலைப் பலகை, ஓரடி நீளம், எட்டு அங்குல அகலம். நடுவில் ஆறு இதழ்ப் பூ, சுற்றிலும் முக்கோணக் குழிகளால் ஒரு கரை. எல்லாம் சிப் கார்விங், அதாவது ஒரே ஒரு சின்னக் கத்தியால் சாய்வாக வெட்டிச் சின்னச் சின்னக் குழிகளாக எடுத்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து மூன்று வாரத்தில் முடித்தேன்.

தேக்கோடு பொருந்த வேண்டுமே என்று வால்நட் நிற ஸ்டெயின் (மரத்தில் ஊறி நிறம் ஏற்றும் சாயம்) வாங்கி, துணியில் தொட்டுத் தேய்த்தேன். மேல்பரப்பில் ஓரளவு ஒழுங்காகப் பிடித்தது. குழிகளுக்குள்தான் கெட்டுப்போனது. ஆறு இதழில் இரண்டு இளம்பழுப்பாக நிற்கின்றன, மற்ற நான்கும் கரி பூசியதுபோல ஆகிவிட்டன. கரையில் உள்ள முக்கோணங்களிலும் ஒரு சுவர் கறுப்பு, பக்கத்துச் சுவர் வெளுப்பு. நாலடி தள்ளி நின்று பார்த்தால் பூவாகவே தெரியவில்லை, மை சிந்தியதுபோல் இருக்கிறது.

இதைக் காப்பாற்ற வழி உண்டா? அடுத்த முறை செய்யும்போது ஸ்டெயின் சரியா, அல்லது எண்ணெயோ மெழுகோ போட்டு மரத்தின் நிறத்திலேயே விடுவது சரியா? செதுக்கி முடித்துப் பாலிஷும் போட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

கோட்டாறு பாலிஷ்:

தம்பி, ஸ்டெயினிலும் குறை இல்லை, பலகையிலும் குறை இல்லை. முப்பது வருடமாகப் பாலிஷ் வேலை பார்க்கிறேன், செதுக்கு வேலை உள்ள எந்தச் சாமானிலும் இது வரும்.

மரத்தை ஒரு கட்டு வைக்கோலாக நினைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் தண்ணீர் தெளித்தால் வழிந்து ஓடிவிடும். வைக்கோலைக் குறுக்கே வெட்டி, வெட்டிய நுனியைத் தண்ணீரில் வைத்தால் உறிஞ்சும். உங்கள் பூவில் ரேகை, அதாவது மரத்தின் நார், ஓடும் திசையிலேயே படுத்திருக்கும் இதழ்கள் இரண்டு. அவற்றின் சுவர்களில் வைக்கோலின் பக்கவாட்டுதான் இருக்கிறது. மற்ற நான்கும் ரேகைக்குக் குறுக்கே சாய்ந்து கிடப்பவை, அங்கே கத்தி நாரை அறுத்துப் போயிருக்கிறது. அத்தனை வாயும் திறந்தே கிடக்கும், கொடுத்த நிறத்தை எல்லாம் குடிக்கும். இரண்டு வெளுப்பு, நான்கு கறுப்பு என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே, பலகையில் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஸ்டெயின் அடித்தே ஆக வேண்டுமென்றால், முதலில் அந்த வாய்களை அடைக்க வேண்டும். அரக்கை ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து ஒரு கை, அதாவது ஒரு பூச்சு, ஓட்டினால் போதும். காய்ந்த பிறகு, கெட்டியாகக் கூழ்போல வரும் ஜெல் ஸ்டெயினைத் தடவி உடனே துடைத்தால், நிறம் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். குழியின் அடியில் கொஞ்சம் தங்கும், அது பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, கறுப்பைப் போக்குகிறேன் என்று உப்புத்தாளை எடுத்துக் குழிக்குள் தேய்த்துவிடாதீர்கள். இதழுக்கும் இதழுக்கும் நடுவில் கத்தி விட்டுப்போன கூர்விளிம்புதான் இந்த வேலையின் உயிர். உப்புத்தாள் பட்டால் அது மழுங்கும், பிறகு அச்சில் அழுத்தி எடுத்த சாமான்போல ஆகிவிடும். பலகையைத் தேய்ப்பதெல்லாம் செதுக்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

மயிலாடி கல்லுளி:

நான் கல்வேலைக்காரன், மரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ஆனால் குழியைப் பற்றிச் சொல்லலாம்.

கல்லில் ஒரு பூவை எடுக்கும்போது நாங்கள் நிறம் எதுவும் போடுவதில்லை. இதழ் தெரிவது நிழலால்தான். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தால் ஒரு சுவர் வெளுக்கும், எதிர்ச் சுவர் இருளும், நடுவில் விளிம்பு கோடாக நிற்கும். சிப் கார்விங் படங்களைப் பார்த்தபோது அதேதான் என்று தோன்றியது. இரண்டு மூன்று சரிவுகள் சேர்ந்து ஒரு குழி, அவ்வளவுதான் அதன் மொழி.

உங்கள் மூடியில் என்ன நடந்திருக்கிறது என்றால், ஸ்டெயின் தன் போக்கில் ஒரு பொய்நிழலைப் போட்டுவிட்டது. வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருகிறது, ஆனால் இடப்பக்கச் சுவர் கறுப்பாக இருக்கிறது, வலப்பக்கமும் கறுப்பாக இருக்கிறது. கண் எதை நம்பும்? பூ காணாமல் போனதற்குக் காரணம் அதுதான். ஸ்டெயின் நிறம் அழகா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி.

தக்கலையில்தானே இருக்கிறீர்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள், திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று விடுமுறை. பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்தின் மேற்கூரையில் தொண்ணூறு பூ, ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அண்ணாந்து பார்க்கும்போது பூவை மட்டும் பார்க்காமல், வெளிச்சம் எங்கிருந்து வந்து எந்த இதழில் விழுகிறது என்று பாருங்கள். மேலே விளக்கு போட்டுப் பார்ப்பதற்காகச் செய்ததில்லை அது. தாழ்வாரத்துக்கு அடியில் நுழைந்து, பக்கவாட்டில் வரும் வெளிச்சத்துக்குச் செய்தது.

இரணியல் பெயர்ப்பலகை:

மேலே சொன்னவர்கள் எல்லாரும் ஸ்டெயினுக்கு எதிராகவே போகிறார்கள், நான் கொஞ்சம் மறுக்கிறேன்.

நான் வீட்டுப் பெயர்ப்பலகை, சுவர்க்கடிகாரம், சாவி மாட்டும் பலகை செய்து விற்கிறேன். வெள்ளை மரத்தை வெறும் எண்ணெயில் விட்டால் முதல் நாள் பார்க்க அருமையாக இருக்கும். வாசலில் மாட்டி இரண்டு மழைக்காலம் போகட்டும். குழிக்குள் எல்லாம் தூசியும் ஒட்டடையும் படிந்து அழுக்குநிறம் ஏறியிருக்கும், துடைத்தாலும் போகாது. வாங்கினவர் என்னிடம்தான் வந்து நிற்பார். அடர் நிறம் இதையெல்லாம் தாங்கும். நிறமே வேண்டாம் என்பது வீட்டுக்குள் அலமாரியில் வைக்கும் பொருளுக்குச் சரி.

ஆனால் நிறத்தை எப்போது போடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். நான் செதுக்கின பிறகு போடுவதே இல்லை. பலகையை 220 நம்பர் தாள் வரை தேய்த்து, வெறும் பலகையிலேயே ஸ்டெயின் அடித்து, முழுதாகக் காயவிட்டு, மேலே சீலர் (மரத்தின் வாயை அடைக்கும் பூச்சு) இரண்டு கை. அப்புறம்தான் வரைவது. அடர் நிறத்தில் பென்சில் தெரியாது, வெள்ளைக் கார்பன் தாள் வைத்து வரைகிறேன். பிறகு கத்தி. பலகையின் பக்கவாட்டு நாரில் ஸ்டெயின் ஒரு தோல் அளவுக்குத்தான் இறங்கியிருக்கும். கத்தி அதைத் தாண்டிப் போனதும் உள்ளே இருக்கும் வெள்ளை மரம் வெளியே வரும். மேலே பழுப்பு, குழி வெள்ளை. பத்தடி தூரத்தில் பெயர் படிக்க முடியும்.

கவனிக்க வேண்டியது இரண்டு. சீலரைத் தடிமனாக அடித்தால் கத்தி போகும்போது விளிம்பில் பொருக்குப் பொருக்காகப் பெயரும். அப்புறம், கை தவறினால் மறைக்க வழி கிடையாது. வெறும் மரத்தில் கத்தி கொஞ்சம் வழுக்கினால் தேய்த்துச் சமாளிக்கலாம், இதில் ஒரு வெள்ளைக் கீறல் நிரந்தரமாக நிற்கும்.

மயிலாடி கல்லுளி:

இரணியல் அண்ணன் சொல்வது எனக்கு நன்றாகவே புரிகிறது. பளபளப்பாக்கிய கருங்கல்லில் எழுத்து வெட்டுவதும் இதே கணக்குதான். பாலிஷ் போட்ட முகம் கறுப்பாக இருக்கும், உளி பட்ட இடம் சாம்பலாக வெளுக்கும், அதனால் எழுத்து தெரியும். அங்கே நிறம் குழிக்குள் போகவில்லை, குழிக்கு வெளியே நின்றுவிட்டது. நான் எதிர்த்தது குழிக்குள் போகும் நிறத்தை.

குலசேகரம் தோட்டக்காரி:

எனக்குக் கத்தி பழக்கம் நான்கு வருடம். எங்கள் தோட்டத்து ரப்பர் மரத்திலேயே ஆரம்பித்தேன். பால் வடிவது நின்று வெட்டின மரம், விறகுக்குப் போவதை எடுத்து வைத்தேன். பூச்சியும் நீலப் பூஞ்சையும் ரொம்பச் சீக்கிரம் விழும் மரம் அது. அறுத்த உடனே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்காவிட்டால் மாவாகக் கொட்டிவிடும். அதோடு நார் கொஞ்சம் பெரிது, நுண்ணிய பூவுக்குப் பொருந்தாது. வெட்பாலை எவ்வளவோ மேல். சன்னபட்டணத்தில் பொம்மை கடைவது இந்த மரத்தில்தான். யானைத் தந்தம்போல வெள்ளை, ரேகையே கண்ணுக்குத் தெரியாத அளவு நுட்பமான நார். (இதன் இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கத்தரிப்பூ நிறமாக மாறுமே, அதே மரம்தான்.) இவ்வளவு வெள்ளையான மரத்தைத் தேடிப் பிடித்துவிட்டு அதன்மேல் வால்நட் நிறம் பூச எனக்கு மனசு வராது. பெட்டி தேக்காகவே இருக்கட்டும், மூடி வெள்ளையாக இருக்கட்டும், இரண்டும் பொருந்த வேண்டும் என்று யார் சொன்னது?

என் முதல் பெரிய தவறு தேங்காயெண்ணெய். நம் ஊரில் கை நீட்டினால் கிடைப்பது அதுதான். செதுக்கி முடித்த ஒரு சாவிப்பலகைக்குத் தாராளமாகத் தடவினேன். அன்றைக்கு மினுமினு என்று இருந்தது. மூன்று மாதத்தில் குழி முழுக்கத் தூசி அப்பி, தொட்டால் பிசுபிசுப்பு, கிட்டப் போனால் காறிப்போன வாடை. தேங்காயெண்ணெய் எத்தனை நாளானாலும் உலராத எண்ணெய். ஆளிவிதை எண்ணெய் அப்படியில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துத் தானாகவே இறுகும். கடையில் டபுள் பாயில்டு லின்சீட் என்று கேட்டு வாங்க வேண்டும், அதில் சீக்கிரம் உலர்வதற்கான மருந்து சேர்த்திருப்பார்கள். பச்சை எண்ணெய் நம் ஈரக்காற்றில் வாரக்கணக்கில் காயாது.

ஆனால் வெட்பாலைக்கு நான் லின்சீட் போடுவதையும் நிறுத்திவிட்டேன். வெள்ளை மரம் அன்றைக்கே மஞ்சள் ஏறுகிறது, வருடம் போகப்போக இன்னும் பழுக்கிறது. அறுத்த நார் எண்ணெயையும் கூடுதலாகத்தான் குடிக்கிறது, அதனால் லேசாகவாவது அதே திட்டு வரும். பலா, அயனி, மகாகனிக்கு லின்சீட் போடுங்கள், அவற்றின் நிறம் அப்படியே எழும்பி வரும். வெள்ளை மரத்துக்கு அரக்கு, அதற்கு மேலே மெழுகு.

மெழுகு நானே காய்ச்சுவேன். மார்த்தாண்டம் பக்கம் தேன் எடுப்பவர்களிடம் தேன்மெழுகு வாங்கலாம். மெழுகு ஒரு பங்கு, டர்பன்டைன் மூன்று பங்கு. மெழுகைக் கிண்ணத்தில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்க வேண்டும், 65 டிகிரிக்குள் உருகிவிடும். டர்பன்டைனை அடுப்பை அணைத்து, கிண்ணத்தை வெளியே கொண்டுபோன பிறகுதான் ஊற்ற வேண்டும், அது தீப்பிடிக்கும் சாமான். ஆறினால் வெண்ணெய்போல வரும். செதுக்கிய இடத்தில் துணியால் அப்பக்கூடாது, குழிக்குள் அடைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக நிற்கும். பழைய ஷூ பிரஷ்ஷின் நுனியில் துளி எடுத்து, எல்லாத் திசையிலும் ஓட்டி, அரைமணி கழித்துச் சுத்தமான இன்னொரு பிரஷ்ஷால் துலக்கி எடுக்க வேண்டும்.

குளச்சல் கரைக்காரன்:

லின்சீட்டைப் பற்றி அக்கா விட்ட இரண்டு விஷயத்தைச் சேர்க்கிறேன்.

எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். ஆனி ஆடிச் சாரலில் லின்சீட் போட்ட பலகையைச் சுவரில் மாட்டினால், பின்பக்கம் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கிறது. அந்த எண்ணெய் பூஞ்சைக்குத் தீனி. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு, வருடத்தில் பாதி நாள் ஈரம்தான். வெளிநாட்டு வீடியோவில் லின்சீட் ஒன்றே போதும் என்று சொல்வதைப் பார்த்து இங்கே அப்படியே செய்ய முடியாது.

இரண்டாவது, எண்ணெய் துடைத்த துணி. அதைக் கசக்கி மூலையில் எறிந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். உலரும்போது வரும் சூடு சுருட்டின துணிக்குள் அடைபட்டுக்கொள்வதால் அப்படி. விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கி வையுங்கள். சீவல் குவியலுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

வள்ளத்துக்கு அடிக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெயைச் சிலர் மரவேலைக்கும் கேட்கிறார்கள். அது கையில் பட்டால் கொப்புளம் போடும், மரத்தையும் கருக்கும். பலகைக்கு அடியில் வேண்டுமானால் சரி, செதுக்கு வேலைக்கு வேண்டாம்.

தக்கலை மரமேசை:

எல்லாருக்கும் நன்றி. அரக்கு என்று எல்லாரும் சொல்கிறீர்கள். ஒருமுறை அரக்கு கரைத்த பழைய பாட்டில் ஸ்பிரிட் பாலிஷ் ஒன்றைத் துண்டுப் பலகையில் அடித்தபோது பால் சிந்தியதுபோல வெள்ளை படர்ந்துவிட்டது, ஒட்டலும் போகவில்லை. அதனால்தான் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். கோட்டாறு அண்ணன் கொஞ்சம் விளக்கிச் சொல்ல முடியுமா?

கோட்டாறு பாலிஷ்:

நீங்கள் பார்த்தது இரண்டு தனித்தனிக் கோளாறு.

வெள்ளை படர்வது ஈரத்தால். ஸ்பிரிட் ஆவியாகும்போது பலகையின் முகம் குளிரும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ந்த முகத்தில் பனித்துளிபோல ஒட்டி, அரக்குக்குள் மாட்டிக்கொள்ளும். மழை நாளில் அடிக்கக்கூடாது. மழைக்காலத்திலேயே அடிக்க வேண்டிய கட்டாயம் என்றால், வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். வெள்ளை விழுந்துவிட்டால் பயப்பட வேண்டாம். நல்ல வெயில் நாளில் துணியில் துளி ஸ்பிரிட் தொட்டு லேசாக ஓட்டினால் ஈரம் வெளியேறித் தெளிந்துவிடும்.

ஒட்டல் போகாதது பழைய சரக்கால். அரக்கு என்பது மரத்துக் கிளையில் ஒரு பூச்சி கட்டும் பிசின், ஜார்க்கண்ட் பக்கமிருந்து நிறைய வருகிறது. செதிலாக இருக்கும்வரை ஓரளவு தாங்கும். ஸ்பிரிட்டில் கரைத்து ஆறு மாதம், ஒரு வருடம் என்று போனால் பிறகு இறுகவே இறுகாது. அதனால் கலந்து வைத்த பாட்டிலை வாங்காமல், செதிலாக வாங்கி வேண்டிய அளவு நீங்களே கரையுங்கள். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் நகத்தால் அழுத்தினால் தடம் விழக்கூடாது. விழுந்தால் அந்தச் சரக்கை நான் தொடமாட்டேன்.

வெட்பாலைக்கு வெளுத்த அரக்கு வாங்குங்கள், ஆரஞ்சுச் செதில் நிறம் ஏற்றும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். உங்கள் மூடிக்கு 100 மில்லியில் 10 கிராம் கரைத்தாலே மிச்சம் வரும். நீர்க்க, நீர்க்க, இரண்டு மூன்று கை. கெட்டியாக ஒரே கை அடித்தால் குழியின் அடியில் குளம் கட்டும், முக்கோணத்தின் கூர்மூலை உருண்டைமூலையாகிவிடும். பளபளப்பும் வேண்டாம். மயிலாடிக்காரர் சொன்ன நிழல் நிற்க வேண்டுமென்றால், பளபளப்பு அதற்கு எதிரி. குழிக்குள் டியூப்லைட் மின்னினால் சரிவு தெரியாது. கதவுக்கு மெலமைன் பளபளப்பு அடித்தே சம்பாதித்தவன் நான், செதுக்கு வேலைக்கு மட்டும் மங்கல்தான் சரி என்று உறுதியாகச் சொல்வேன்.

மார்த்தாண்டம் வேதியியல்:

பாடம் நடத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம், மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. கடுக்காயும் இரும்பும்.

கலம்காரித் துணியில் வரும் கறுப்பு எப்படி உண்டாகிறது? துணியைக் கடுக்காய்ச் சாற்றில் நனைத்துக் காயவைத்து, இரும்பும் வெல்லமும் ஊறப்போட்டுப் புளித்த நீரால் வரைகிறார்கள். கடுக்காயில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து நாருக்குள்ளேயே கறுப்பு உண்டாகிறது. மரத்திலும் அப்படியே. கடுக்காய்ப் பொடியைக் கொதிக்கவைத்து வடிகட்டி ஒரு கை, காய்ந்ததும் வினிகரில் நான்கைந்து நாள் ஊறிய துருப்பிடித்த ஆணித் தண்ணீர் ஒரு கை. (ஊறும் பாட்டிலின் மூடியை இறுக்கிவிட வேண்டாம், வாயு வரும்.) கண் முன்னாலேயே சாம்பலாகி, நீலமாகி, கறுக்கும்.

அறுத்த நார் இதையும் கூடுதலாகக் குடிக்கத்தான் செய்யும். ஆனால் எல்லாமே ஒரே கறுப்பில் போய் முடிவதால் திட்டு தெரியாது. முழுக் கறுப்பில் கூர்விளிம்புகள் மட்டும் வெளிச்சத்தில் கோடாக மின்னும்போது எனக்கு அது வெள்ளை மரத்தைவிடப் பிடிக்கிறது. குறை ஒன்று உண்டு. இது தண்ணீர்ச் சமாசாரம் என்பதால் நார் சிலிர்த்து எழும், குழிக்குள் பூனைமுடிபோல நிற்கும். செதுக்கின பிறகு வெறும் தண்ணீர் தெளித்து நாரை எழவிட்டு, காய்ந்ததும் கத்தியால் ஒருமுறை மேலாகச் சீவிவிட்டுப் பிறகு இதைச் செய்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

இரணியல் பெயர்ப்பலகை:

கறுத்த பலகைக்கு வாங்குபவர்கள் உண்டு, முயன்று பார்க்கிறேன் சார். கல்யாணச் சீருக்குக் கறுப்பு வைத்தால் பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பதையும் யோசிக்க வேண்டும்.

தக்கலை மரமேசை:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். நடந்ததை முழுதாக எழுதுகிறேன், என்னைப்போல யாராவது மாட்டிக்கொண்டால் உதவும்.

முதலில் அரண்மனைக்குப் போனேன். சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை போன இடம், இந்த முறைதான் பூமுகத்தில் அரைமணி நேரம் அண்ணாந்து நின்றேன். ஒரு பூவைப் பிடித்துக்கொண்டு நான் இடம் மாறி மாறிப் பார்த்தேன். வாசல் பக்கம் நின்றால் இதழின் நடுப்பள்ளம் தெரிகிறது, உள்ளே நகர்ந்தால் அதே இதழ் தட்டையாகிவிடுகிறது. மூடியில் நான் எதைத் தொலைத்தேன் என்று அங்கேதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்து முடிவெடுத்தேன். ஸ்டெயினைக் கரைத்து எடுக்கப் பார்ப்பதைவிட, கறுத்த சுவர்களை மறுபடி சீவி எடுப்பது. கத்தியைக் கல்லில் தீட்டி, பெல்ட் தோலில் முப்பது முறை இழுத்தேன். கையில் உள்ள முடி வழிக்கிற அளவுக்குக் கூர் வந்த பிறகுதான் மூடியைத் தொட்டேன். ஒவ்வொரு சுவரிலும் அரை நூலுக்கும் குறைவாக, தாள்போல ஒரு சீவல். ரேகை திசையில் இருந்த இரண்டு இதழும் முதல் சீவலிலேயே வெள்ளையாகிவிட்டன. குறுக்கே கிடந்த நான்கும் அப்படி விடவில்லை. முதல் சீவலுக்கு அடியிலும் பழுப்பு, இரண்டாவதற்கு அடியிலும் புள்ளி புள்ளியாகப் பழுப்பு. நார் எவ்வளவு ஆழம் குடித்திருக்கிறது என்பதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். மூன்றாவது சீவலில்தான் வெள்ளை வந்தது. இதழ்கள் அகலமாகிவிட்டன, நடுவில் இருந்த விளிம்புகள் மெலிந்துவிட்டன. ஓரிடத்தில் விளிம்பு அரிசி அளவுக்கு உடைந்தது. உடைந்த விளிம்புக்கு இருபுறமும் இருந்த இரண்டு இதழையும் நுனியில் ஒன்றாகச் சேர்த்து, எதிர்ப்பக்கத்திலும் அதேபோலச் செய்து சமன் செய்தேன். கரையில் இரண்டு முக்கோணத்தின் அடியில் மட்டும் ஒரு சாம்பல் கோடு இருக்கிறது. இன்னும் தோண்டினால் பலகை தாங்காது என்று விட்டுவிட்டேன்.

இப்போது மேல்பரப்பு வால்நட் நிறம், குழி எல்லாம் வெள்ளை. நான் திட்டமிடாமலே இரணியல் அண்ணன் சொன்ன முறைக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். தேக்குப் பெட்டியோடு வைத்துப் பார்த்தேன், மேல்பரப்பு பெட்டியோடு சேர்ந்துகொள்கிறது, பூ தனியாக நிற்கிறது. காலையில் சன்னல் வெளிச்சத்தில் அம்மாவிடம் காட்டினேன். விரலால் ஒவ்வோர் இதழாகத் தடவிப் பார்த்துவிட்டு, “இனி இதில் எதையும் பூசிக் கெடுத்துவிடாதே” என்றாள்.

ஆனால் எதையும் பூசாமல் விட முடியாது, கை அழுக்கு ஏறிவிடும். வெளுத்த அரக்கு வாங்கி வைத்திருக்கிறேன். நேராக அடித்துவிடலாமா?

கோட்டாறு பாலிஷ்:

நில்லுங்கள் தம்பி! துணியில் அரக்கைத் தொட்டு மூடி முழுக்க இழுத்தீர்கள் என்றால், அதிலுள்ள ஸ்பிரிட் சில ஸ்டெயினைக் கரைக்கும். கரைந்த பழுப்பு வெள்ளைக் குழிக்குள் இறங்கும், பட்ட பாடு வீணாகிவிடும். முதலில் வெள்ளைத் துணியில் ஸ்பிரிட் தொட்டு, ஸ்டெயின் பட்ட ஓர் ஓரத்தில் நான்கு முறை தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் வராவிட்டால் பயமில்லை. வந்தால், சின்னத் தூரிகையால் குழிகளுக்கு மட்டும் முதலில் அரக்கு கொடுங்கள். திறந்த வாய்கள் அடைபடும். இரண்டு கை கொடுத்து, ஒரு நாள் காயவிட்டு, அப்புறம் மேல்பரப்பில் ஒரே இழுப்பாக இழுங்கள், போன இடத்துக்குத் திரும்பப் போகாமல்.

குலசேகரம் தோட்டக்காரி:

அரக்கு அடிக்கும் முன் பென்சில் கோடு எங்கேனும் மிச்சம் இருக்கிறதா என்று வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மென்மையான ரப்பரால் அழித்துவிட வேண்டும். அரக்குக்கு அடியில் மாட்டிய பென்சில் கோட்டை எடுக்க முடியாது, எனக்கு ஒரு தட்டு முழுக்க அப்படிப் போனது.

தக்கலை மரமேசை:

துணியில் இளம்பழுப்பு வந்தது. நல்லவேளை கேட்டேன். இரண்டாம் நம்பர் தூரிகையால் குழிகளுக்கு மட்டும் இரண்டு கை, நேற்று பகல் வெயில் இருந்த நேரத்தில் கொடுத்து முடித்தேன். இன்று மேல்பரப்பு. ஒரு முக்கோணத்தில் மட்டும் விளிம்பைத் தாண்டி மெல்லிய பழுப்பு இறங்கியது, உடனே பஞ்சில் ஒற்றி எடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் சுத்தம். ஒரு வாரம் கழித்து மெழுகு.

கடைசியாக ஒரு கேள்வி. பெட்டியின் உட்புறம் தேக்கு, அங்கே லின்சீட் போடலாமா?

குலசேகரம் தோட்டக்காரி:

உள்ளே எண்ணெய் வேண்டாம் தம்பி. மூடியே இருக்கும் பெட்டியில் லின்சீட் வாடை மாதக்கணக்கில் நிற்கும், நகையைச் சுற்றி வைக்கும் பட்டுத்துணியிலும் ஏறும். மிச்சம் இருக்கும் அரக்கையே உள்ளேயும் ஒரு கை கொடுத்து, பத்து நாள் மூடாமல் காற்றாட வையுங்கள்.